மாமி சைக்கிள் ஓடிய பாதை

மாமி,

இன்று காலை எங்கள் தெருவின் முடிவில், புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கிற காணிக்குள், ஒரு லொறி கிரவல் மண் கொட்டிவிட்டுப் போனது. பின்னாலேயே ஒரு சிறு தூறல். வேலைக்குப் போகக் காரை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தபோது கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நனைந்த கிரவலின் மணம் உள்ளே வந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். வேலைக்குப் பிந்தித்தான் போனேன். இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்துகொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். சும்மா இருக்க முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். அது உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் ஒரு கதிரையில் முழுதாக இருந்து நான் கண்டதில்லை. நுனியில்தான் இருப்பீர்கள், யாரோ வாசலில் வந்து கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல. தேநீரைக் கையில் தந்தால் நின்றபடி குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விடுவீர்கள். நீங்கள் இல்லாமல் இந்த ஏழெட்டு மாதத்தில் வீடு அமைதியாகிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கென்றால் அந்த அமைதியில் இருப்புக் கொள்ளவில்லை.

நான் உங்கள் மகனை மெல்பேர்னில்தான் கட்டினேன். அதனால் முதலில் உங்களை எனக்குக் குரலாகத்தான் தெரியும். வன்னியில் நீங்கள் மருத்துவிச்சி. சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவர். தொலைபேசிக் கடையிலிருந்து எடுத்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள், “ஆள் தேடி வந்திட்டுது, போட்டு வாறன்” என்று வைத்துவிடுவீர்கள். இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில், சண்டை இறுகியபோது, அந்தக் குரலும் நின்றுபோனது. உங்கள் மகன் கேதீஸ் வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சியின் முன்னால் நிற்பார். நான் குசினிக்குள் போய் எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பி வருவேன். பல மாதங்களுக்குப் பிறகுதான் நீங்கள் முகாமில் இருக்கிறீர்கள் என்று யாரோ ஒருவர் மூலம் செய்தி வந்தது. அடுத்த ஆண்டின் கடைசியில் நீங்களே வந்து சேர்ந்தீர்கள். தோளில் ஒரு சின்னப் பை. விமான நிலையத்தில் அந்தப் பையை மகனிடம்கூடக் கொடுக்கவில்லை.

கிரான்பர்னில் எங்கள் வீடு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். மடித்த உடுப்பை உதறி மறுபடி மடிப்பீர்கள். திரையை விலக்கித் தெருவைப் பார்ப்பீர்கள். கடிதம் வராத நாளிலும் கடிதப்பெட்டி வரை போய் வருவீர்கள். ஒருநாள் கேட்டேன், என்ன தேடுறியள் என்று.

“ஒண்டும் தேடேல்ல, பிள்ளை. இந்தத் தெருவில ஒரு சத்தமும் இல்லை. ஆக்கள் இருக்கினமோ எண்டு பார்க்கிறன்” என்றீர்கள்.

பிறகு அந்தச் சைக்கிள். நகரசபை வந்து எடுப்பதற்காக எல்லா வீட்டுக்காரரும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களைத் தெரு ஓரத்தில் போடுகிற கிழமை அது. யாரோ எறிந்த பெண்கள் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். சங்கிலியில் துரு. தையல் மெசின் எண்ணெய் விட்டு, பழைய துணியால் துடைத்து, சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டீர்கள். அடுத்த கிழமையே, யாருக்கும் சொல்லாமல், ஸ்பிரிங்வேலுக்குப் போய்விட்டீர்கள். லொறிகள் பறக்கிற நெடுஞ்சாலை ஓரமாக. கோயிலில் பழக்கமான ஒரு அங்கிள் காரில் போனவர் கண்டுவிட்டு, நம்பமுடியாமல் திரும்பவும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, பிறகு கேதீசுக்கு அழைத்திருக்கிறார். கேதீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், நீங்கள் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஹெல்மெட்டும் இல்லாமல், சைக்கிள் கைப்பிடியில் முருங்கைக்காய்க் கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

“அம்மா, லொறி அடிச்சா என்ன செய்யிறது?” என்று அவர் வீட்டுக்கு வந்தும் கத்தினார்.

“லொறி தானே, தம்பி” என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. சைக்கிளைக் கராஜுக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பைத் தன்னோடு கொண்டுபோனார். நீங்கள் மறுபடி திரைச்சீலைக்கும் கடிதப்பெட்டிக்கும் இடையில் நடக்கத் தொடங்கினீர்கள்.

நீங்கள் வந்த அடுத்த ஆண்டு என் வயிற்றில் இருந்தது போனது. அது இரண்டாவது தடவை. முதலாவது நீங்கள் வருவதற்கு முன். இந்த முறை நாலாம் மாதம் வரை இருந்தது. பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் கிடந்தபோது நீங்கள் பத்தியக் கறி வைத்து, சோற்றோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்கப் பிள்ளைப்பேறு பார்த்த மனிசி, ஊரில் எத்தனையோ பேரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர், சொந்த மகனின் மனைவிக்கு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. அந்தக் கறியை நான் சாப்பிடவில்லை. என்னில் ஏதோ குறை இருக்கிறதென்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதனால்தான் பேசவில்லை என்று முடிவு கட்டினேன்.

கடையில் லீவு தந்திருந்தார்கள். பகல் முழுக்க வீட்டில் நீங்களும் நானும். நீங்கள் முன்னறையில் நடப்பீர்கள், நான் பின்னறையில் நடப்பேன். நடுவில் குசினியில் சந்தித்தால் ஒருவருக்கொருவர் வழி விடுவோம். எனக்கு அந்த வீட்டை விட்டு, அந்த ஊரை விட்டு எங்காவது போய்விட வேண்டும்போல இருந்தது. எங்கே என்று தெரியாது.

அப்போதுதான் என்னோடு கடையில் வேலை செய்கிற கிரேக்கப் பெண் பார்க்க வந்தவள், லில்லிடேலில் தொடங்கி வார்பர்ட்டன் வரை போகிற பழைய ரயில் பாதையைப் பற்றிச் சொன்னாள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கிரவல் போட்டிருக்கிறார்களாம். காரே வராதாம். வெளியே போய்க் காற்றுப் படு என்று தன் சைக்கிளையும் தந்துவிட்டுப் போனாள். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற எண்ணம் எனக்கு முதலில் இருக்கவில்லை, மாமி. தனியாகப் போகப் பயமாக இருந்தது, அதனால்தான் கேட்டேன்.

“மாமி, கார் வராத றோட்டு ஒண்டு இருக்காம். சைக்கிள் ஓடலாமாம்.”

“கார் வராட்டி என்னத்துக்கு றோட்டு?”

“முந்தி ரெயில் போன பாதை. இப்ப கிரவல் போட்டிருக்கினமாம்.”

கிரவல் என்ற சொல்லைக் கேட்டதும் சப்பாத்தைத் தேடத் தொடங்கினீர்கள். கராஜின் மற்றத் திறப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

மகனின் பழைய காற்சட்டை, மேலே கம்பளிச் சட்டை, கொண்டையைக் கீழே இறக்கிக் கட்டி அதற்கு மேல் ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்து, “சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு” என்றீர்கள். இரண்டு சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், லில்லிடேல் ஸ்டேஷனுக்குப் பின்னால் பாதை தொடங்குகிற இடத்தில் இறக்கினேன். நீங்கள் குனிந்து ஒரு பிடி கிரவலை அள்ளி உள்ளங்கையில் உருட்டினீர்கள். “எங்கட கிரவல் நல்ல சிவப்பு. இது வெளிறிப்போய்க் கிடக்கு” என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டு ஏறினீர்கள். அவ்வளவுதான். எனக்காக நிற்கவில்லை.

தொடக்கத்தில் ஏற்றம். நான் யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி வகுப்புக்குப் போன காலத்துக்குப் பிறகு சைக்கிளில் ஏறவில்லை. உடம்பும் தேறியிருக்கவில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் மூச்சிரைத்துக்கொண்டு உழக்க, உங்கள் முதுகு முன்னால் சிறுத்துக்கொண்டே போனது. உயரத்துக்கு ஏறியதும் பாதை மறுபக்கம் சரிகிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். சரிவுகளில் வரிசை வரிசையாக முந்திரிகைக் கொடித் தோட்டங்கள், தூரத்தில் நீல மலைகள், அடியில் எங்கோ ஆறு. அந்த இறக்கத்தில் நீங்கள் பிரேக் பிடிக்கவே இல்லை. கிரவல் சக்கரத்துக்கு அடியில் பொரிகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. கீழே வந்து உங்களைப் பிடித்தபோது கன்னத்தில் கண்ணீர் ஓடியிருந்தது. காற்றினால் என்றீர்கள்.

தோட்டத்தைப் பார்த்து, “முந்திரிகைக்குப் பந்தல் போடேல்லையே? வேலி மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்” என்றீர்கள். இதெல்லாம் வைனுக்கு என்றேன். “குடிக்கிறதுக்கு இவ்வளவு வடிவாக் கட்டுறாங்கள்” என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப ஏறினீர்கள். பாதை ஓரத்து வாங்கில் இருந்து இளைப்பாறலாம் என்று நான் கெஞ்சியது நினைவிருக்கிறது. “இருந்தால் கால் பிடிச்சிடும்” என்று நீங்கள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போகத் தொடங்கினோம். எனக்கு வேலை இல்லாத நாள்களில், கேதீஸ் தொழிற்சாலைக்குப் போனபின். அவருக்குத் தெரியவர அதிக காலம் எடுக்கவில்லை. “உமக்கென்ன விசரே? அவவுக்கு என்ன வயசெண்டு தெரியுமோ?” என்று என்னைக் கேட்டார். குசினிக்குள்ளிருந்து நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். “என்ர வயசு எனக்குத் தெரியும், தம்பி. திறப்பை இனிக் கொளுக்கியில கொழுவிவிடு.” அவர் கொழுவிவிட்டார்.

சேர்ந்து போனோம் என்றுதான் பெயர். பாதையில் நாங்கள் பேசியது குறைவு. நீங்கள் முன்னால், நான் பின்னால். குதிரையில் வருகிறவர்களுக்கு வழி விடுவோம். நாயோடு நடக்கிறவர்களுக்கு நீங்கள் தமிழிலேயே “வாறன், வாறன்” என்று குரல் கொடுப்பீர்கள். அவர்களும் விளங்கியதுபோல விலகி நிற்பார்கள். வீடு திரும்பினால் அன்று மட்டும் திரைச்சீலைப் பக்கம் போகமாட்டீர்கள். எனக்கு அந்த நாள்களில் நித்திரை வந்தது.

பிறகு அந்தக் கோடை. செவில் என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பினோம். எதிரே சரிவு முழுக்க வெள்ளை. குருவிகள் பழத்தைக் கொத்தாமல் இருக்க, கொடிகளுக்கு மேலால் வெள்ளை வலையை வரிசை வரிசையாக இழுத்து மூடியிருந்தார்கள். வெயிலில் அது பளபளத்தது. நீங்கள் திடீரென்று பிரேக் பிடித்தீர்கள். பின்னால் வந்த நான் உங்களை இடிக்காமல் தப்பியது பெரிய விஷயம். காலை ஊன்றிக்கொண்டு அந்தச் சரிவையே பார்த்தீர்கள். முகத்தில் நிறமில்லை.

“என்ன மாமி, தலை சுத்துதோ?”

“இல்லை. திரும்புவம்.”

லில்லிடேல் வரை எனக்கு முன்னால் வேகமாக உழக்கினீர்கள். அந்தக் கோடை முழுக்க, எப்போது போனாலும் அந்த வளைவுக்கு முன்னால் சைக்கிளைத் திருப்பிவிடுவீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் கேட்காததுபோல நானும் கேட்கவில்லை.

குளிர்காலம் வந்தது. வலைகளைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். கொடிகளை வெட்டிக் கட்டையாக விட்டிருந்தார்கள். அப்போது நான் சிட்னியில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பெரிய கண்ணாடிக் கடை, நல்ல பதவி. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கேதீசுக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை முயற்சி செய்வோம் என்று அவர் டொக்டரிடம் நாள் வாங்கி வைத்திருந்தார். எனக்கு இன்னொரு தடவைக்குத் தைரியமில்லை என்று அவருக்குச் சொல்லவும் தைரியமில்லை. போய்விட்டால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அன்று பாதை ஓரம் பழைய ஸ்டேஷன் மேடை ஒன்றில் மழை எங்களை நிறுத்திவிட்டது. தகரக் கூரைக்கு அடியில் நின்றோம். வேறு வழியில்லாமல் நீங்களும் நின்றீர்கள். வெட்டிய கொடிகளைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலே, சொல்லத் தொடங்கினீர்கள்.

“கடைசியாப் பார்த்த பேறு ஒரு பங்கருக்குள்ள, பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை. வடிவா அழுதுது. தொப்புள் கொடியைக் கட்டி முடிக்கேக்க எல்லாரையும் உடன எழும்பி வெளிக்கிடச் சொல்லிச்சினம். தாயையும் பிள்ளையையும் ஒரு உழவு மெசின் பெட்டியில ஏத்திவிட்டன். எனக்கு அதில இடமில்லை. சைக்கிளையும் விட்டிட்டு நடந்தன். தாயின்ர பேர் கேக்கவும் நேரமிருக்கேல்ல.”

மழை கூரையில் அடித்தது. நீங்கள் குரலை உயர்த்தவில்லை. நான்தான் கிட்ட வந்தேன்.

“முகாமுக்குள்ள போன நாளில இருந்து தேடினனான். எல்லாம் வெள்ளைக் கூடாரம். கண்ணுக்கு எட்டின தூரத்துக்கும் வெள்ளை. ஒவ்வொரு கூடாரமாப் போய்க் குனிஞ்சு பார்த்தனான். தாயின்ர முகம் வடிவாத் தெரியும் எனக்கு. காணேல்ல. அது இருந்தால் இப்ப நல்லா ஓடித் திரியும்.”

உங்கள் ஈரமான சட்டைக் கையைப் பிடித்தேன். நீங்கள் அதை விலக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல எண்டு உனக்குக் கோவம்” என்றீர்கள்.

நான் உங்கள் சட்டைக் கையை விடவில்லை.

“நான் வாய் திறந்தா மருத்துவிச்சி கதைக்கிற மாதிரித்தான் வரும், பிள்ளை. ‘உடம்பைப் பார், அடுத்ததைப் பார்க்கலாம்’ எண்டு. எத்தினை பேருக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டுச் சைக்கிளில ஏறிப் போனனான். உனக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு எங்க போறது? அதுதான் சமைச்சு வைச்சன்.”

அப்போதுதான் சிட்னியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மகனை விட்டுப் போகப் பார்க்கிறேன் என்று உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் அழுவீர்கள் அல்லது தடுப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

“போறதெண்டா போ. உன்னைப் பிடிச்சு வைக்க ஏலாது. ஆனா அங்க போகோணும் எண்டு போறியோ, இஞ்ச நிக்கேலாமப் போறியோ? அதை மட்டும் ஒருக்கா யோசி” என்றீர்கள். மழை விடுமுன்னரே சைக்கிளில் ஏறிவிட்டீர்கள்.

சிட்னிக்குப் போனேன். நேர்முகம் நன்றாகத்தான் நடந்தது. விமானத்துக்கு நிறைய நேரமிருந்தது. நடந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தமிழ்க் கடையில் தேநீர் குடித்தேன், நின்றபடி. பிறகு மறுபடி நடந்தேன். தெருக்கள் ஒன்றிலும் எனக்கு வேலையில்லை. எங்கே திரும்பினாலும் ஒன்றுதான். தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள்.

“எங்க நிக்கிறாய்?”

“சிட்னியில, மாமி.”

“சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“அங்க சைக்கிள் ஓட இடம் இருக்கோ?”

“ஒரே மேடும் பள்ளமும். காரும் கூட.”

“ம்” என்றீர்கள். வா என்றும் சொல்லவில்லை. நான் அந்தத் தெருவில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன்.

திரும்பி வந்த மறுநாள் கேதீசுக்குச் சொன்னேன், சிட்னியையும், இன்னொரு தடவை என்னால் முடியாது என்பதையும். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு, “எனக்கும் பயமாத்தான் கிடந்தது. நீர் ஆசைப்படுறீர் எண்டு நினைச்சன்” என்றார். டொக்டரிடம் வாங்கிய நாளை அவரே அழைத்து நிறுத்தினார். சிட்னி வேலைக்கு வரவில்லை என்று நான் எழுதிவிட்டேன். எல்லாம் அத்தோடு சரியாகிவிடவில்லை. நாங்கள் அதற்குப் பிறகும் சண்டை பிடித்தோம். ஆனால் ஒரே வீட்டுக்குள் நின்று பிடித்தோம். நீங்கள் அந்த நேரங்களில் கடிதப்பெட்டியைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

அடுத்த கோடையில், போன வருடம் திரும்பிய அதே வளைவில், நீங்கள் திரும்பவில்லை. வெள்ளை வலைகளுக்கு நேரே இறங்கிப் போய், வேலி ஓரத்தில் நிறுத்தினீர்கள். உள்ளே ஒரு வேலையாள் வலையின் கரையைக் கட்டிக்கொண்டிருந்தான். “இது என்னத்துக்கெண்டு கேள்” என்றீர்கள். உங்களுக்கு நான் இடையில் ஒருநாள் சொல்லியிருந்தேன். ஆனாலும் கேட்டேன். குருவிக்கு என்று அவன் சொன்னான்.

“குருவிக்காம், மாமி.”

வேலிக்கு மேலால் கையை நீட்டி வலையைத் தொட்டீர்கள். விரலை அதன் கண்களுக்குள் விட்டுப் பார்த்தீர்கள். “குருவிக்குத்தானே. சரி” என்றீர்கள். பிறகு உழக்கத் தொடங்கியவர் நிற்கவே இல்லை. வூரி யாலொக், யாரா ஜங்ஷன் எல்லாம் தாண்டி, மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவர, வார்பர்ட்டன் வரை போனோம். முதல் தடவையாக முழுப் பாதையும். அங்கே ஆற்றங்கரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்து ஒரு கல்லில் இருந்தீர்கள். முழுதாக இருந்தீர்கள். நான் எழும்புவோமா என்று கேட்டபோதுகூட, “பொறு பிள்ளை” என்றீர்கள். எனக்கு அது பயமாக இருந்தது, தெரியுமா.

இந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், கேரம் டவுன்ஸ் கோயிலில் பூசை முடிந்து வரும்போது, கார் தரிப்பிடத்தில் விழுந்தீர்கள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் பேசவில்லை. இடது பக்கம் அசையவில்லை. வலது கால் மட்டும் போர்வைக்குள் மடங்குவதும் நீளுவதுமாக இருந்தது. தாதி அது வெறும் நரம்பு என்றாள். கேதீஸ் அந்தக் காலின் மேல் கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருந்தார். ஒரு மத்தியானம் அது நின்றது.

உங்கள் காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே கேட்டார். “அம்மா போற பாதையைக் காட்டுமன்.” உங்கள் சைக்கிளில்தான் வந்தார். அவருக்கு அது கட்டை. முழங்கால் கைப்பிடியில் இடித்தது. நான் முன்னால் போனேன், அவர் பின்னால். அந்தப் பழைய மேடையில் நிறுத்தி, நீங்கள் அவருக்குச் சொல்லாததை நான் சொன்னேன். சொல்லலாமா என்று உங்களைக் கேட்க முடியவில்லை. பங்கரையும், உழவு மெசினையும், வெள்ளைக் கூடாரங்களையும் சொன்னேன்.

“எனக்கு ஏன் சொல்லேல்ல அவ?” என்று கேட்டார்.

“நீங்கள் அழுவியள் எண்டு தெரியும் அவவுக்கு.”

அழுதார். மேடையின் விளிம்பில் இருந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?”

“பொம்பிளைப் பிள்ளை.”

விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். “அப்ப வாற தைக்கு முதலாம் வகுப்பு” என்றார்.

மாமி, இப்போதும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. முன்பு அதை ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைப்பதில்லை. கால் கேட்டால் எழும்பிப் போகிறேன். ஆனால் உங்களிடமிருந்து எனக்கு வந்ததில் பெரியது அதுவல்ல. பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் வயது. நீங்கள் தனியே சுமந்து திரிந்ததை இப்போது நாங்கள் இரண்டு பேராகச் சுமக்கிறோம். அவள் இருக்கிறாள் என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். வேறு விதமாகப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கப் போயிருந்தோம். வருகிற பள்ளிக்கூடத் தவணைக்காகக் கடை வாசலில் புத்தகப் பைகளைக் கொழுவியிருந்தார்கள். கேதீஸ் ஒரு பையைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு, “அஞ்சு வயசுக்கு இது பாரம்” என்று சொல்லித் திரும்பக் கொழுவினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.